கைப்பிடியில் ஒரு நட்சத்திரம்

செப்டம்பர் 5, செவ்வாய்

இரண்டு மாதத்துக்குப் பிறகு இந்த நோட்டில் எழுத ஏதோ இருக்கிறது. முறையாக எழுதுகிறேன்.

வேலூர். டயாலிசிஸ் அறை, காலை ஷிஃப்ட். செவ்வாய், வியாழன், சனி. தடவைக்கு நான்கு மணி நேரம். ஆறாம் கட்டிலில் அப்பா. ஏழாம் கட்டிலில் தசரதன், எழுபத்து மூன்று வயது, முன்னாள் சிப்பாய். ஜூலையிலிருந்து இருவருடைய ரத்தமும் பக்கத்துப் பக்கத்து மெஷின்களில் சுற்றுகிறது. வணக்கத்தைத் தாண்டி நானும் அவரும் பேசியதில்லை.

இன்று கேட்டார், என்ன படிக்கிறாய் என்று. வரலாறு என்றேன். முனைவர் பட்டம், பாதியில் நிற்கிறது. எதைப் பற்றி என்றார். ஏரிகள் என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம். கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி கேட்டார்.

"துப்பாக்கிங்களைப் பத்தியும் வரலாறு இருக்கும் இல்ல பாப்பா?"

இருக்கும் என்றேன்.

"அப்ப ஒரு பிஸ்டல் எதுன்னு கண்டுபுடிச்சுக் குடு. பேரு தெரியாது. பார்த்தது ஒரே ஒரு தபா. எழுபத்தொண்ணு பங்களாதேஷ் சண்டையில, கிழக்குப் பக்கம். டிசம்பர் மாசம்."

அவர் சொன்ன அடையாளங்கள், அப்படியே: கறுப்பு. கைப்பிடியில் நட்சத்திரம். அடியில் ஒரு வளையம். முன்பக்கக் குழாய் வெறுமையாக, மெல்லிசாக, ஆமை கழுத்தை நீட்டினாற்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டதில்லை. தூக்கிப் பார்த்ததில்லை.

யாருடையது என்று கேட்டேன். எதிரி நாட்டு ஆபீசர் ஒருவருடையது.

வெளியே வராந்தாவில் அவர் மனைவி பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டார். தசரதனுக்கு இதயத்தில் மூன்று அடைப்புகள். பைபாஸ் செய்தே ஆக வேண்டும். இருபதாம் தேதிக்குள் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று டாக்டர் கெடு வைத்திருக்கிறார். இவர் போட மறுக்கிறார். அந்தப் பிஸ்டல் எதுவென்று தெரிந்தால் போடுவாராம்.

"இன்னா கணக்கோ இது, எனக்குப் புரியல கண்ணு. நீ சீக்கிரம் கண்டுபுடி."

பேருந்தில் வரும்போதே கைபேசியில் தேட ஆரம்பித்துவிட்டேன். ராணிப்பேட்டை நிறுத்தத்தைத் தாண்டிப்போய் இறங்கினோம். அப்பா திரும்பி நடந்தார்.

செப்டம்பர் 6, புதன்

பன்னிரண்டு பிஸ்டல்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் புழங்கியிருக்கக்கூடியவை. ஜெர்மன், பெல்ஜியம், ரஷ்யா, சீனா, இங்கிலாந்து. ஒவ்வொன்றும் ஒரு முழுப் பக்கப் படமாக.

ஜெராக்ஸ் கடைக்காரர் தாள்கள் வெளியே வர வர என்னை மேலும் கீழும் பார்த்தார். யாருக்கு என்றார். ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கு என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

தாள்களை அட்டையில் ஒட்டினேன். பெயர்களை மறைத்தேன். எண் மட்டும். சாட்சிக்கு நாம் பதிலை ஊட்டிவிடக் கூடாது என்று முதல் வருட வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இப்போதுதான் முதன்முறையாகப் பயன்படுகிறது.

அப்பாவுக்கு உப்பில்லாத சாதம். எனக்குப் பசியே இல்லை. இது நல்ல பசியின்மை.

செப்டம்பர் 7, வியாழன்

அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவருடைய இடது கையில் ஊசிகள். அசையக் கூடாது. வலது கையால் வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், தள்ளி வைத்து, திருப்பித் தந்தார். ரிவால்வர்களை வாங்கவே இல்லை. சக்கரம் கிடையாது என்றார்.

அப்பா தன் கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார். "என்ன மிலிட்டரி, பொண்ணு பார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டு இருக்கீங்க?"

"பொண்ணு பார்த்தப்போ நான் ஒரே போட்டோவுல முடிச்சிட்டேன் சார். இதான் அம்பது வருசமா முடியல."

பெனிட்டா சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். அட்டைகளைப் பார்த்துவிட்டு, தாத்தா டிஸ்சார்ஜுக்கு வேறு வழி யோசிக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவு துப்பாக்கிகளோடு வாழ்ந்தவர் ஒரு பிஸ்டலைக் கூடத் தொட்டதில்லையா என்று கேட்டேன். பிஸ்டல் ஆபீசர்கள் சமாச்சாரமாம். சிப்பாய்க்கு ரைஃபிள். பதினைந்து வருடமும் ரைஃபிள். தினம் சாயங்காலம் ஆயுத அறையில் ஒப்படைக்க வேண்டும். அந்த அறைக்குக் கோத் என்று பெயர். சும்மா நீட்டினால் வாங்கமாட்டார்கள். திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டி, அப்புறம்தான் கைமாற வேண்டும். இதைச் சொல்லும்போது படுத்தபடியே வலது கையால் இல்லாத ஒரு ரைஃபிளைத் திறந்து எனக்குக் காட்டினார். அவ்வளவு சுத்தமான அசைவு.

கடைசியில் இரண்டு அட்டைகள் மிஞ்சின. நான்காம் எண். ஒன்பதாம் எண்.

நான்கு: ஜெர்மன் வால்தர். மூடியில்லாமல் குழாய் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆமைக் கழுத்து. ஆனால் நட்சத்திரம் கிடையாது.

ஒன்பது: ரஷ்ய டோக்கரேவைப் பார்த்துச் சீனாவில் செய்தது. வரிவரியான கறுப்புக் கைப்பிடி, நடுவில் வட்டம், வட்டத்துக்குள் நட்சத்திரம். அடியில் வளையமும் உண்டு. ஆனால் குழாய் வெளியே தெரியாது. மேல்மூடி அதை முனைவரை மூடியிருக்கும்.

இரண்டும் அதுதான் என்கிறார். இரண்டும் அதில்லை என்கிறார்.

எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஏரிகள் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

துணி துவைத்தேன். அப்பாவின் மாத்திரைப் பெட்டியை நிரப்பினேன். நான்கா ஒன்பதா. ஒன்பதா நான்கா.

செப்டம்பர் 9, சனி

நினைவு இரண்டு துப்பாக்கிகளை ஒன்றாக ஒட்டிவிட்டதோ என்று மெதுவாகக் கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடி, முதலிலிருந்து சொன்னார்.

கால்வாய்க் கரை. ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். விடியற்காலை, மூடுபனி. முந்தின நாள் முழுக்கச் சண்டை. அன்று காலையில் ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு இருபத்தோரு வயது. சுவர் ஓரமாகக் காவல். பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் நடந்து வந்தான். தொப்பி இல்லை. நான்கு தப்படி தூரத்தில்தான் தெரிந்தான்.

"மூஞ்சிகூட அப்புறம்தான் பாப்பா. மொதல்ல கண்ணுல பட்டது நட்சத்திரம். அப்புறம் அந்தக் கழுத்து. என் பக்கமா நீட்டிக்கினு."

அப்புறம்?

"அப்புறம் இன்னா. சுட்டுட்டேன்."

மெஷின் ஓடும் சத்தம். அதற்கு ஒரு தாளம் உண்டு என்று இன்றுதான் கவனித்தேன்.

சுட்ட பிறகு அருகில் போகவில்லை. சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். மேலதிகாரி சுபேதார் வந்தார், இவர் முதுகுக்குப் பின்னால் குனிந்தார், பிஸ்டலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், இவர் தோளில் தட்டினார், ஷாபாஷ் என்றார். பதினொரு நாள் கழித்து அதற்காக எல்லார் முன்னாலும் பேர் சொல்லிப் பாராட்டினார்கள்.

இதையெல்லாம் குறிப்பெடுத்தேன். வேகமாக எழுதினேன். நான்கு தப்படி என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன். அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் தவறாகப் பார்த்திருக்க முடியாது. அப்படியானால் நட்சத்திரமும் உண்மை, கழுத்தும் உண்மை. எங்கோ ஒரு பதின்மூன்றாவது துப்பாக்கி இருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்கப் போகிறேன்.

ஒருவர் ஒருவரைச் சுட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் உறைத்தது.

செப்டம்பர் 10, ஞாயிறு

பதின்மூன்றாவது துப்பாக்கி இல்லை. செக், ஹங்கேரி, யூகோஸ்லாவியா எல்லாம் பார்த்தாயிற்று.

அப்பாவின் எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. அளந்து கொடுக்கிற தண்ணீருக்கு மேல் திருட்டு. கேட்டால் வெயில் என்கிறார்.

செப்டம்பர் 12, செவ்வாய்

கண்டுபிடித்தது நான் இல்லை. அப்பா.

தசரதன் தூங்கிவிட்டார். அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டினார். ஒன்பதாம் அட்டையைக் கொடுத்தேன். அப்பா முப்பத்து நான்கு வருடம் தொழிற்சாலையில் டூல்ரூம் ஃபிட்டர். எந்தப் படத்தையும் பொருளாகப் பார்ப்பார்.

"இந்த மேல்மூடி தனிப் பீஸ். இந்தக் கோடு பாரு, இது வழியா நகரும். பின்னாடி இழுத்தா என்ன தெரியும்?"

தெரியவில்லை என்றேன்.

"உள்ள இருக்கிற குழாய் நகராது. மூடி மட்டும் பின்னாடி போகும். அப்போ முன்னாடி என்ன நீட்டிக்கிட்டு நிக்கும்?"

கைபேசியில் தேடினேன். மூடி பின்னுக்கு இழுபட்ட நிலையில் ஒன்பதாம் எண். கிடைத்தது. வரிவரியான கைப்பிடி. நட்சத்திரம். அடியில் வளையம். முன்னால், மெல்லிசாக, வெறுமையாக, ஆமையின் கழுத்து.

நான் சத்தம் போட்டுவிட்டேன் போல. எதிர்க் கட்டில் அம்மா விழித்துப் பார்த்தார். அப்பா கண்ணை மூடியபடி சிரித்தார். இந்த வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டாம் முறை.

தசரதன் விழிக்கவில்லை. இன்று தாமதமாகத் தொடங்கியதால் அவருக்கு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம். எங்களுடையது முடிந்துவிட்டது. எழுப்ப வேண்டாம் என்றார் சிஸ்டர். வியாழக்கிழமை சொல்லலாம். வியாழன் வர இரண்டு நாள். எப்படிப் பொறுப்பது.

பிற்பகல். பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். அந்தப் பிஸ்டலின் இயக்கக் குறிப்பு ஒன்று கிடைத்தது. படித்துக்கொண்டே வந்தேன். மேல்மூடி பின்னால் போய் அப்படியே நிற்பது எப்போது என்று அதில் இருக்கிறது. உள்ளே குண்டு இல்லாதபோது. கைப்பிடிக்குள் இருக்கும் குண்டுக்கூடு, அதாவது மேகசீன், காலியானால் அதைப் பிடித்து நிறுத்திவிடும்.

இரண்டு முறை படித்தேன். கைபேசியைப் பைக்குள் வைத்தேன்.

செப்டம்பர் 13, புதன்

கழுத்து நீண்டிருந்தால் காலி.

அவ்வளவுதான் இன்று.

செப்டம்பர் 14, வியாழன்

இன்னும் தேடுகிறேன் என்று தசரதனிடம் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

ஏன் இப்போது என்று கேட்டேன். ஐம்பது வருடம் விட்டுவிட்டு, ஏன் இந்த ஆபரேஷன் சமயத்தில்.

ஜூலையில் இங்கே சுவர் டிவியில் ஒரு சண்டைப் படம் ஓடியிருக்கிறது. கதாநாயகன் சுட்டுக்கொண்டே போகிறான். திடீரென்று துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் போய் நின்றுவிடுகிறது. கழுத்து நீண்டுவிடுகிறது. ஏன் அப்படி என்று டெக்னீஷியனைக் கேட்டிருக்கிறார். குண்டு காலி தாத்தா என்றிருக்கிறான் அந்தப் பையன். அன்றிலிருந்து.

ஆக, அவருக்குத் தெரியும். நான் எதைத் தேடுகிறேன் என்று முதல் நாளிலிருந்தே தெரியும்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லியிருந்தா எனக்குப் புடிச்ச பதிலா பார்த்துக் கொண்டாந்திருப்ப. நல்ல பொண்ணு நீ."

சில துப்பாக்கிகளுக்குக் கழுத்து எப்போதுமே வெளியே இருக்கும் என்று கைபேசிக் கடைப் பையன் ஒருவன் இணையத்தில் பார்த்து அவருக்குச் சொல்லியிருக்கிறான். அப்படி ஒன்றாக இருந்தால் குண்டு இருந்திருக்கலாம். அவன் சுட வந்தவனாக இருக்கலாம். எந்தத் துப்பாக்கி என்று தெரிந்தால் எந்த ஆள் என்று தெரிந்துவிடும்.

அதற்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

"குடலிறக்க ஆபரேசன் பண்ணப்போ மயக்க ஊசி போட்டாங்க. அதுல அவன் வந்தான். எதிர்ல நின்னான். ஒண்ணுமே பேசல. எனக்கும் பேச்சு வரல. இந்தத் தபா ஆறு மணி நேரம்னு சொல்றாங்க. கண்டிப்பா வருவான். சுட வந்தவன்னா ஒரு சல்யூட் அடிச்சிட்டு, நீயும் சிப்பாய் நானும் சிப்பாய்னு சொல்லிடுவேன். துப்பாக்கியக் குடுக்க வந்தவன்னா வேற பேசணும். இன்னா பேசறதுன்னு தெரியாம நான் அங்க போவமாட்டேன் பாப்பா."

நான் நான்காம் அட்டையைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். வால்தர். கழுத்து எப்போதும் நீண்டிருக்கும். இதுதான் ஐயா, நட்சத்திரம் பின்னால் யாரோ பொறித்தது என்று சொல்ல வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன்.

பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. எடுக்காமலும் இருக்க முடியவில்லை. ஜிப்பைத் திறந்தேன், மூடினேன். ஷிஃப்ட் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 16, சனி

பூங்காவனம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அந்த ஆளு செத்து அம்பது வருசம் ஆச்சு. இந்த ஆளு உயிரோட கீறாரு. எதாச்சும் ஒரு பேரைச் சொல்லிடு கண்ணு.

அவர் சொல்வதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

நாள் முழுக்க மனதில் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். காலி என்றால் சரணடைய வந்தான் என்று அர்த்தமா? முந்தின நாள் சண்டையில் எல்லாக் குண்டும் தீர்ந்திருக்கலாம். காலி என்று தெரியாமலேயே மிரட்ட வந்திருக்கலாம். இது பொய் இல்லை. இதற்கும் இடமிருக்கிறது. சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்கலாம்.

அப்பாவிடம் சொன்னேன். ராத்திரி முழுக்க எவனாவது அதைத் திறந்தே வைத்திருப்பானா, மண் போகாதா என்றார். இருந்தாலும் இருக்கலாம் என்றேன். அப்பா ஒன்பதாம் எண்ணின் நீளம் எவ்வளவு என்று கேட்டார்.

நூற்றுத் தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர். எதற்கு?

அப்பா எழுந்து போய்விட்டார். கொல்லைப்புறத்தில் பழைய பெட்டியைத் திறக்கும் சத்தம்.

செப்டம்பர் 17, ஞாயிறு

அப்பா செய்கிறார்.

ஒன்றரை வருடமாகத் தொடாத பெட்டி. ரம்பம், உளி, நாலு விதமான அரம், வெல்வெட் உறையில் வெர்னியர் அளவுகோல். பழைய கட்டிலின் தேக்குக் கால் ஒன்று. ஆன்டெனாக் குழாய் ஒரு துண்டு. டிரான்சிஸ்டரிலிருந்து எடுத்த ஸ்பிரிங். ஊசி ஏற்றும் இடது கையில் பாரம் கூடாது என்று கத்திக்கொண்டே நானும் பக்கத்தில். பிடித்துக்கொள்ளச் சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் அனுமதி இல்லை.

மத்தியானத்துக்குள் மேல்மூடி நகர்ந்தது. பின்னால் இழுத்தால் நின்றது. பக்கத்தில் ஒரு சின்ன நாக்கு. கட்டை விரலால் அதை அழுத்தினால் டக்கென்று முன்னால் பாய்ந்து குழாயை மூடிக்கொண்டது. நான் பத்து முறை செய்து பார்த்தேன். குழந்தை மாதிரி இருந்தேன். அப்பா கைப்பிடியின் இரண்டு பக்கமும் வரிகள் கீறினார். வட்டம் போட்டார். கடைசியாக நட்சத்திரம்.

கறுப்பு மை பூசி உலர்ந்ததும் எடுத்து, சினிமாவில் வருவதுபோல் அப்பாவுக்கு நேராக நீட்டினேன். கையை மேலே தூக்குங்கள் என்றேன்.

அப்பா கையைத் தூக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நட்சத்திரம் எங்க?"

குனிந்து பார்த்தேன். என் உள்ளங்கைக்குள் இருந்தது. மறுபக்கத்து நட்சத்திரம் விரல்களுக்கு அடியில்.

சுடுவதற்குப் பிடித்தால் நட்சத்திரம் தெரியாது.

முதலில் கண்ணில் பட்டது நட்சத்திரம் என்றாரே. நான்கு தப்படியில். சுடுவதற்கு முன்னால். அப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லையே.

கையை விரித்தேன். பிஸ்டல் உள்ளங்கையில் படுத்திருந்தது. நட்சத்திரம் மேலே பார்த்தது.

என் வழக்கு அங்கே முடிந்தது.

இதில் வெட்கப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது, எழுதிவிடுகிறேன். அந்த நொடியில் எனக்குள் எழுந்தது துக்கம் இல்லை. எல்லாத் துண்டும் பொருந்திவிட்ட பெரும் சந்தோஷம். உடம்பு முழுக்க. அப்புறம்தான் மற்றது வந்தது.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. அப்பாவுக்கு ஒரே ஒரு கொழுக்கட்டை. இரண்டு எடுத்தார்.

தசரதனிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டேன். என்னிடமே கேட்பது மாதிரி. அப்பா சொன்னார், டூல்ரூமில் அளவு தப்பென்று தெரிந்த பீஸை வெளியே அனுப்பியதில்லை, அனுப்பச் சொல்லி மேனேஜரே நின்றபோதும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். பீஸைக் கொடு. அவர் கையில் இருக்கட்டும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்தார். துண்டுக்குள் சுற்றியிருந்ததைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். அப்பா அதை வாங்கி, மூடியை இழுத்து, உள்ளே மரம்தான் என்று காட்டினார். செக்யூரிட்டி முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். எதற்கு முகர்ந்தார் என்று தெரியவில்லை.

இருவருக்கும் ஊசி போட்டு, மெஷின் ஓட ஆரம்பிக்கும்வரை காத்திருந்தேன். பூங்காவனம் அம்மா கால்மாட்டில் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம் என்றா, சரி என்றா, தெரியவில்லை.

துண்டைப் பிரித்தேன். மூடி பின்னால் இழுபட்டிருந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

தசரதன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மெஷின் கூவியது. சிஸ்டர் ஓடி வந்து, இடது கையை நேராக்கி, சத்தத்தை நிறுத்தி, எங்கள் எல்லாரையும் திட்டினார். தசரதன் எதையும் காதில் வாங்கவில்லை.

"இதான்," என்றார். "இதேதான்."

கையை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, சார், அத்தக் கையில எடுத்து என்னைச் சுடற மாதிரிப் புடிங்க என்றார்.

அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா ஊசியில்லாத கையால் பிடித்து, அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். ஆறாம் கட்டிலிலிருந்து ஏழாம் கட்டிலுக்கு. நான்கு தப்படிகூட இல்லை.

தசரதன் தேடினார். கண்கள் அந்தக் கையின் மேல் இங்கும் அங்கும் போயின. சொல்லிவிடக் கூடாது. ஊட்டிவிடக் கூடாது.

"நட்சத்திரம் காணோமே," என்றார்.

அப்பா விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். உள்ளங்கை விரிந்தது.

தசரதனின் வாய் கொஞ்சம் திறந்தது. எனக்குக் கேட்காத எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி.

"தெறந்து காட்டிட்டுத்தான் குடுத்திருக்கான்," என்றார். "முறையா. கோத்துல குடுக்கிற மாதிரி. நான்தான் வாங்கல."

பூங்காவனம் அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

தசரதன் இப்போது வலது கையை நீட்டினார். அப்பா எட்டாமல், நான் நடுவில் நின்று, அப்பா கையிலிருந்து என் கைக்கு, என் கையிலிருந்து அவர் கைக்கு. என் உள்ளங்கையிலிருந்து அதை அவர் எடுத்தது எனக்கு இன்னும் தெரிகிறது. அவ்வளவு மெதுவாக. கனத்தை எதிர்பார்த்த கை. மரம்தான், கனமே இல்லை.

மார்பின் மேல் வைத்துத் தடவிப் பார்த்தார். பக்கத்து நாக்கில் கட்டை விரல் பட்டது. டக். கழுத்து உள்ளே போய்விட்டது.

அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு குலுங்கியது.

"இந்தச் சத்தம். சுபேதார் சாப் குனிஞ்சப்போ பின்னாடி கேட்டுது. இத்தினி வருசமா அத்த மறந்தே போய்ட்டேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாப்பா. பார்த்துட்டு மூடியிருக்காரு. நான் பார்க்கக்கூடாதுன்னு."

அழுதார் என்று எழுதலாமா. கண் நனைந்திருந்தது. முகம் நான் பார்த்திராத அளவுக்குச் சுறுசுறுப்பாக இருந்தது, தூக்கம் கலைந்த முகம். எனக்குப் பயம் வந்தது. இதற்குமேல் என்ன சொல்வார், அந்தக் கையெழுத்து என்ன ஆகும்.

தசரதன் மனைவியைப் பார்த்தார்.

"அந்தப் பேப்பரக் கொண்டா. இன்னா பேசணும்னு தெரிஞ்சிடுச்சு."

பேனா என்னுடையது. படுத்தபடியே, பிஸ்டலை அட்டையாக வைத்து அதன் மேல் காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். வரிவரியான கைப்பிடியின் மேல் எழுதியதால் தசரதன் என்ற பெயர் நடுங்கினாற்போல் விழுந்தது. கை நடுங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்பா களைத்துவிட்டார். சிஸ்டரிடம் தண்ணீர் கேட்டார். அரை டம்ளர் கிடைத்தது.

செப்டம்பர் 21, வியாழன்

நாளைக்கு ஆபரேஷன். இன்று இருவரும் ஒன்றாக டயாலிசிஸ். நான்கு மணி நேரமும் அப்பாவும் அவரும் அரங்களைப் பற்றியும் ரைஃபிள்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏரிகளைப் பற்றிய பழைய கோப்பை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பக்கம் திருத்தினேன்.

அந்த ஆபீசரின் பெயர் தெரியுமா என்று ஒரு முறை கேட்டேன். தெரியாது என்றார். நாளைக்குக் கேட்டுக்கிறேன் என்றார்.

செப்டம்பர் 22, வெள்ளி

பகல் பதினொன்றரை. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் எழுதுகிறேன். எங்களுக்கு இன்று டயாலிசிஸ் இல்லை. ஆனாலும் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார்.

ஏழரைக்குத் தசரதனை உள்ளே கொண்டுபோனார்கள். பூங்காவனம் அம்மா மடியில் துண்டில் சுற்றிய பொருள். உள்ளே எடுத்துப் போக விடவில்லையாம். தசரதன் மூடியை இழுத்துத் திறந்து மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூடாமல் வைத்திரு என்றாராம். அந்த அம்மா அதை அப்படியே வைத்திருக்கிறார், ஸ்பிரிங் எழும்பிவிடாதபடி இரண்டு கையாலும்.

தள்ளுகட்டிலில் போகும்போது நான் பார்த்தேன். போர்வை கழுத்துவரை. இடது கை உள்ளே. வலது கையை மட்டும் வெளியே வைத்திருந்தார். வார்டுபாய் அதையும் உள்ளே விடப் பார்த்தான். அவர் விடவில்லை. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விரிய, அப்படியே வைத்துக்கொண்டு போனார்.

கதவு இன்னும் திறக்கவில்லை.